வெப்பம் நிலையாத வீட்டுப் போறணை: குறை காணலும் திருத்தலும்

அரிசி மாவினாற் செய்த கேக் நடுவிற் குழிந்து, அடியிற் களியாய்க் கிடக்குமாயின், "அரிசி மா இதற்கு உதவாது, கோதுமை மாவே வேண்டும்" என்று முடிவுசெய்தல் எளிது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று முதலிய கரையோர ஊர்களிலே நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், கலியாணம் ஆகிய காலங்களில் வீட்டிலிருந்தே கேக்கும் பிஸ்கட்டும் சுட்டு விற்றுச் சிறு வருவாய் தேடும் பெண்கள் உளர். அவர்களுக்கு ஒரு தட்டுக் கேக் பழுதாதல் என்பது முட்டை, சீனி, பட்டர், விறகு அல்லது மின்சாரம் ஆகிய யாவும் ஒருங்கே வீணாதலாகும். வாக்குக் கொடுத்த வீட்டுக்கு உரிய வேளையிற் பண்டம் போய்ச் சேராமையால் வரும் மனக்கசப்பு வேறு. இத்துணைக்கும் பல தடவைகளிற் காரணமாய் இருப்பது மாவன்று. போறணை வெப்பத்தை நிலையாக வைத்திராமையே. அக்குறையைக் கண்டறியும் முறையும், வீட்டிலேயே திருத்தத் தக்கவையும், வீட்டில் தொடவே கூடாதவையும் இங்கு கூறப்படும்.

போறணையைப் பற்றி விவசாயப் பிரசுரம் ஒன்று பேசுதல் ஏன் எனச் சிலர் வினவலாம். இலங்கையில் கோதுமை வணிக அளவில் விளைவதில்லை; நாம் உண்ணும் பாணும் பணிசும் கப்பலில் வந்த தானியமே. மறுபுறம், 1949 ஆம் ஆண்டில் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டு, சேனாநாயக்க சமுத்திரம் கட்டப்பெற்றபின், இக்கரையோர ஊர்களின் மேற்கெல்லையிலிருந்தே நீர்பாயும் வயல்கள் பரந்து கிடக்கின்றன. வாசலில் விளையும் நெல்லை மாவாக்கிச் சுடுவதற்குத் தடையாய் நிற்பது ஒரு தளர்ந்த கதவோ ஈரமான தளமோ ஆயின், அதனைத் திருத்துதல் கமத்தொழிலைச் சார்ந்த காரியமேயாகும்.

அரிசி மா ஏன் பொறுக்காது

கோதுமை மாவை நீர்விட்டுப் பிசையும்போது அதிலுள்ள பசைப்புரதம் வலைபோல் விரிந்து, உள்ளே உண்டாகும் வாயுவைப் பிடித்துவைக்கும். ஆகவே போறணையின் வெப்பம் சிறிது தளர்ந்தாலும் கோதுமைக் கேக் ஓரளவு தாங்கி நிற்கும். அரிசி மாவில் இப்பசைப்புரதம் இல்லை. அரிசிக் கேக்கை நிமிர்த்தி வைப்பன இரண்டே: முட்டையின் வெண்புரதம் இறுகுதலும், அரிசியின் மாப்பொருள் நீரை உறிஞ்சிப் பசையாதலும். இவ்விரண்டும் ஏறத்தாழ 60 பாகை முதல் 80 பாகை செல்சியசு வரையில் நிகழ்வன. கலவையின் நடுப்பகுதி அவ்வெப்பநிலையை அடையுமுன் வாயு வெளியேறிவிட்டால் நடு தாழ்ந்துவிடும். பின்னர் எவ்வளவு நேரம் சுட்டாலும் நிமிராது. எனவே அரிசி மாவுக்கு வேண்டியது கடும் வெப்பமன்று. தட்டு உள்ளே சென்ற முதல் 15 நிமிடங்களில் தளராத வெப்பமே.

வட்டிலப்பம் செய்வோர் இவ்வித்தியாசத்தை எளிதில் உணர்வர். வட்டிலப்பம் ஆவியில் வேகுவது. அடுப்பிற் தீ சற்றுக் கூடினாலும் குறைந்தாலும், நீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை ஆவியின் வெப்பநிலை 100 பாகையிலேயே நிற்கும். அங்கே நீரே காவலாளாக நின்று வெப்பத்தை மட்டுப்படுத்துகின்றது. போறணைக்குள் அத்தகைய காவல் இல்லை. வெப்பத்தைப் பிடித்துவைக்க வேண்டியவை சுவரும், தளமும், கதவுமே.

இவ்விடத்தில் ஒன்று கூறலாம். போறணை, பாண், குசினி ஆகிய மூன்று சொற்களும் போத்துக்கேயரிடமிருந்து நம் மொழிக்கு வந்தவை. அவர்கள் விட்டுச்சென்ற போறணை தடித்த சுவருடைய செங்கற் போறணை. இன்று கடையில் வாங்கும் மெல்லிய தகட்டுப் பெட்டியையும் நாம் அதே பெயரால் அழைக்கின்றோம். ஆனால் இரண்டும் வெப்பத்தை வைத்திருக்கும் விதம் முற்றிலும் வேறு. ஒன்றின் பழக்கத்தை மற்றதற்குப் பொருத்துவதாலேயே பாதித் தொல்லை உண்டாகின்றது.

வெப்பத்தை முதலில் அளந்தறிக

கையை உள்ளே நீட்டிப் பார்த்தோ, திருகியில் எழுதியுள்ள இலக்கத்தை நம்பியோ குறை காணுதல் இயலாது. போறணைக்குள் வைக்கத்தக்க சிறு வெப்பமானியொன்றை வாங்குதல் நன்று. ஒரு தட்டுக் கேக் பழுதாகும் நட்டத்தோடு ஒப்பிடின் அதன் விலை பெரிதன்று. தண்டுள்ள வெப்பமானியாயின், அதன் நுனியைக் கொதிக்கும் நீரில் வைத்துச் சரிபார்க்கலாம். நம் ஊர்கள் கடல் மட்டத்திலேயே இருத்தலால் அது 100 பாகையைக் காட்டல் வேண்டும். நுவரெலியாவில் உள்ளோருக்கு இவ்வசதி இல்லை. அவ்வுயரத்தில் நீர் அதற்கு முன்பே கொதித்துவிடும்.

வெப்பமானி இல்லாதோர் சீனியைக் கொண்டு சோதிக்கலாம். தூய வெள்ளைச் சீனி சற்றேறக்குறைய 186 பாகையில் உருகும். அலுமினியத் தாளைச் சிறு கிண்ணமாக மடித்து, ஒரு தேக்கரண்டி சீனியிட்டு, போறணையின் நடுத்தட்டில் வைக்க. திருகியை 175 இல் வைத்து 15 நிமிடம் சென்றும் சீனி உருகாதிருத்தல் வேண்டும். 190 இல் வைத்து அதேபோன்று விட்டால் உருகத் தொடங்கல் வேண்டும். 175 இலேயே உருகினால் போறணை குறித்ததைவிட மிகுதியாகச் சுடுகின்றது. 200 இலும் உருகாவிடின் வெப்பம் போதாது.

அளக்கும் கருவி கையில் வந்தபின், போறணையை வெறுமையாகச் சூடாக்கி, 5 நிமிடத்துக்கு ஒரு தடவை வெப்பநிலையைத் தாளில் எழுதுக. அரைமணி நேரம் சென்றபின் நிறுத்தி, கதவைத் திறவாது, ஆறும் வேகத்தையும் அவ்வாறே எழுதுக. இத்தாள் மூன்று வினாக்களுக்கு விடை கூறும். வெப்பம் ஏறவே தயங்குகின்றதா? ஆயின் குறை வெப்பம் பிறக்குமிடத்தில் உள்ளது. விரைவாக ஏறி, நிறுத்தியதும் விழுந்துவிடுகின்றதா? ஆயின் குறை கதவிலோ சுவரிலோ உள்ளது. ஏற்றமும் இறக்கமும் செம்மையாய் இருந்தும் திருகியின் இலக்கத்தோடு பொருந்தவில்லையா? ஆயின் போறணையிற் குறையில்லை, குறிகாட்டியே பொய் சொல்கின்றது. எத்தனை பாகை வித்தியாசம் என எழுதி ஒட்டிவிட்டால் போதுமானது.

மின்போறணையில் வெப்பநிலை ஒரே கோட்டில் நிற்பதில்லை என்பதையும் அறிதல் வேண்டும். குறித்த அளவு வந்ததும் சூடாக்கும் கம்பி அணையும். சற்று ஆறியதும் மீண்டும் எரியும். இதனால் 10 அல்லது 15 பாகை ஏறி இறங்குதல் இயல்பே. அதனைக் குறையென்று எண்ணிப் பழுதுபார்ப்பவரிடம் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை.

செங்கற் போறணை

முற்றத்திற் செங்கல்லாலோ களிமண்ணாலோ கட்டிய போறணையில், தீயை உள்ளேயே எரித்து, தணலை இழுத்து வெளியேற்றியபின் சுடுகின்றோம். அப்போது எரியும் தீ இல்லை. செங்கல் சேர்த்துவைத்த வெப்பமே வேலை செய்கின்றது. ஆதலின் இங்கே முதற் குறை, தீயைக் குறுகிய நேரம் பெரிதாக எரித்தல். கொக்கறையும் பொச்சும் சிரட்டையும் இட்டு அரைமணி நேரம் சுவாலை விட்டு எரித்தால் உட்புறம் கைவைக்க முடியாதவாறு சுடும். ஆனால் செங்கல் வெப்பத்தை மெதுவாகவே உள்வாங்கும். அதன் நடுப்பகுதி இன்னும் குளிர்ந்தே இருக்கும். தணலை அகற்றியதும் மேற்பரப்பின் சூடு உள்நோக்கிச் செல்ல, கேக்குக்கு ஒன்றும் மிஞ்சாது. நான்கங்குலத் தடிப்புள்ள சுவருக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் அளவான தீ வேண்டும். மேல்வளைவிற் படிந்த கரி எரிந்துபோய்ச் செங்கல்லின் நிறம் தெளிவதே போதிய சூட்டுக்கு அடையாளம். பின்னர்த் தணலை அகற்றி, கதவை மூடி, 20 நிமிடம் முதல் அரைமணி நேரம்வரை ஊறவிடுக. அவ்வேளையில் வெப்பம் சமன்படும். அவசரப்பட்டு இந்நேரத்தைக் குறைப்போரே மேல் கருகி உள் வேகாத கேக்கைப் பெறுவர்.

இரண்டாவது குறை ஈரம். நம் கரையோரத்து மணற்றரையில் நிலத்தடி நீர் மிக ஆழத்தில் இல்லை. நவம்பர் முதல் சனவரி வரை மழையும் மிகுதி. நிலத்தின்மேல் நேராகக் கட்டிய போறணைத் தளம் திரிபோல் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஈரத்தின் கொடுமையை இலக்கத்தால் உணரலாம். ஒரு லீற்றர் நீரைச் சூடாக்கி ஆவியாக்கச் செல்லும் வெப்பம், 15 கிலோகிராம் செங்கல்லை 200 பாகை உயர்த்தப் போதுமானது. அதாவது ஏழெட்டுச் செங்கற்களின் சூட்டை ஒரு போத்தல் நீர் கொண்டுபோய்விடும். மழைக்காலத்தில் "போறணை சோர்ந்துவிட்டது" என்று சொல்வதன் உண்மை இதுவே. மழைபடாதவாறு மேலே கூரையிடுக. சில கிழமைகள் எரியாதிருந்த போறணையை, சுடும் நாளுக்கு முந்திய நாள் சிறு தீ மூட்டி உலர்த்துக. திடீரெனப் பெருந்தீ மூட்டினால் உள்ளேயுள்ள நீர் ஆவியாகிச் செங்கல்லை வெடிக்கச் செய்யும்.

புதிதாகக் கட்டுவோர், அல்லது தளத்தைப் பிரித்துத் திருத்துவோர், தரையிலிருந்து முழங்கால் உயரம் மேடை எழுப்பி, அதன்மேல் நான்கங்குலக் கனத்துக்கு உமிச்சாம்பலை இறுக்கிப் பரப்பி, அதற்குமேல் தளச் செங்கல்லைப் பாவுதல் நன்று. சம்மாந்துறைப் பக்கத்து நெல் ஆலைகளில் உமியும் உமிச்சாம்பலும் தாராளமாய்க் கிடைப்பன. செங்கல்லோடு ஒப்பிடுகையில் உமி வெப்பத்தைக் கடத்துவது ஏறத்தாழப் பத்திலொரு பங்கே. கமக்காரர் எறிந்துவிடும் இப்பொருளைவிட மலிவான வெப்பக்காப்பு இம்மாவட்டத்தில் வேறில்லை எனலாம். மேல்வளைவின் வெளிப்புறத்துக்கும் இதனையே பயன்படுத்தலாம்: கனவளவில் ஒரு பங்கு களிமண்ணுக்கு இரண்டு பங்கு உமி சேர்த்துப் பிசைந்து, மூன்றங்குலக் கனத்துக்கு அப்புக. நாளடைவில் வெப்பம் மிகப்படும் இடங்களில் உமி கருகி நுண்ணிய துளைகளாகும். அத்துளைகளில் அடைபட்ட காற்று வெப்பத்தைத் தடுக்கும்.

சாந்தைப் பற்றி இரு எச்சரிக்கைகள் வேண்டும். கைக்கெட்டிய தூரத்திற் கிடைக்கின்றதென்று கடற்கரை மணலைச் சாந்திற் சேர்த்தல் கூடாது. அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும்; சுவர் உப்புப் பூத்து உதிரும். ஆற்றுமணலே தகுந்தது. உட்புற வெடிப்புகளைச் சீமெந்தால் அடைத்தலும் வீண்வேலை; 300 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் சீமெந்து தன் வலிமையை இழந்து வெடிக்கும். சலித்த களிமண்ணும் மணலும் கலந்த சாந்தே நிற்கும். புற்றுமண் கிடைப்பின் மிக நன்று. வெடிப்பு எங்குள்ளதென அறிய, உள்ளே சிறிது ஈரப் பொச்சைப் புகையவிட்டு, வாயிலை மூடி, வெளியே சுற்றிப் பார்க்க. புகை கசியுமிடமே வெப்பம் கசியுமிடம்.

வாயிலின் அளவும் கவனிக்கத்தக்கது. வாயிலின் உயரம் மேல்வளைவின் உள்ளுயரத்தில் ஐந்தில் மூன்று பங்களவில் இருத்தல் வேண்டும் என்பது போறணை கட்டுவோர் பலநாட்டிலும் கைக்கொள்ளும் அளவு. உள்ளுயரம் 50 சென்ரிமீற்றர் ஆயின் வாயில் 30 சென்ரிமீற்றர் அல்லது சற்று மேல். இதைவிட உயரமாயின் மேலே தங்கும் சூடான காற்று தடையின்றி வெளியேறும். மிகத் தாழ்வாயின் தீ மூச்சடைத்துப் புகையும். பெரிய தட்டுப் புகவேண்டுமென்று வாயிலை உயர்த்திக் கட்டிய போறணைகள் சூடு நில்லாமற் போனதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. அத்தகைய வாயிலை அகலத்தைக் குறைக்காமல் மேலிருந்து ஒரு வரிசைச் செங்கல்லால் தாழ்த்தலாம். கதவுக்கு வெறுந்தகரம் போதாது. இரண்டங்குலப் பலகையின் உட்புறத்தில் தகரம் அடித்து, சுடும்போது விளிம்பைச் சுற்றி ஈரக் களிமண்ணைப் பூசி மூடுக.

மின்போறணை

தகட்டாற் செய்த மின்போறணையில் வெப்பத்தைச் சேர்த்துவைக்கும் பொருள் மிகக் குறைவு. 40 லீற்றர் கொள்ளும் போறணையில், 180 பாகைக்குச் சூடேறிய காற்று முழுவதிலும் இருக்கும் வெப்பம் 5 கிலோயூலுக்கும் குறைவு. ஒரு கிலோகிராம் கேக் கலவையை வேகவைக்க அதைப்போல் எண்பது மடங்குக்கு மேல் வேண்டும். ஆகவே கதவைத் திறந்து குளிர்ந்த தட்டை வைத்தவுடன் வெப்பநிலை விழுவதும், மீண்டு ஏற நேரமெடுப்பதும் வியப்பன்று. விளக்கு அணைந்துவிட்டது, சூடேறிவிட்டது என்று உடனே தட்டை வைத்தல் தவறு. விளக்கு அணைவது காற்றின் சூட்டைக் காட்டுமேயன்றிச் சுவர்த்தகட்டின் சூட்டைக் காட்டாது. அணைந்தபின் மேலும் 10 நிமிடம் பொறுக்க.

இதற்கு மலிவான பரிகாரம் ஒன்றுண்டு. நன்கு உலர்ந்த செங்கல் ஒன்றை, அல்லது மெருகிடாத களிமண் ஓட்டை, கீழ்த்தட்டின்மேல் வைத்து, போறணையோடு சேர்த்தே சூடாக்குக. 2 கிலோகிராம் எடையுள்ள செங்கல் 30 இலிருந்து 180 பாகைக்கு ஏறும்போது 250 கிலோயூல் வெப்பத்தைச் சேர்த்துக்கொள்ளும். உள்ளிருக்கும் காற்றைப்போல் ஐம்பது மடங்கு. கதவு திறந்தபோது இச்செங்கல் அவ்வெப்பத்தைத் திருப்பித் தரும். முன்சூட்டுக்குக் கூடுதலாக 15 நிமிடம் செல்லுமெனினும், செங்கல்லிற் சேரும் மின்சாரம் அலகொன்றின் பத்திலொரு பங்கைக்கூட எட்டாது. செங்கல்லைச் சூடாக்கும் கம்பியின்மேலோ, காற்றாடியின் வாயை மறைத்தோ வைத்தல் கூடாது. அடித்தளத்தை அலுமினியத் தாளால் மூடும் வழக்கமும் கைவிடத்தக்கது. அது வெப்ப ஓட்டத்தைத் தடுத்துக் கம்பியையும் பழுதாக்கும்.

அடுத்துக் கதவு. போறணை ஆறியிருக்கையில், ஒரு துண்டுக் கடதாசியைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்க்க. இழுவை தெரியாமல் எளிதில் வந்துவிட்டால் அவ்விடம் தளர்ந்துள்ளது. நான்கு பக்கமும், மூலைகளிலும் இவ்வாறு சோதிக்க. சில சிறு போறணைகளிற் கீழ்ப்பக்கத்தில் விளிம்புநாடாவே இராது. அது அமைப்பின் இயல்பு. கடற்காற்றின் உப்பினாற் கதவின் சுருளும் கீலும் துருப்பிடித்துத் தளர்தல் நம் ஊர்களில் எதிர்பார்க்கத்தக்கதே. வாரந்தோறும் ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, உலர்த்துதல் பல ஆண்டு ஆயுளைத் தரும். விளிம்புநாடா இறுகி வெடித்திருப்பின், வெப்பம் தாங்கும் சிலிக்கோன் நாடாவையோ கண்ணாடி நாரால் பின்னிய நாடாவையோ அளவறிந்து மாற்றுக. பழந்துணியைத் திணித்தல் தீப்பற்ற வழியாகும். உடைந்த அசுபெசுத்தோசுக் கூரைத் தகட்டை வெட்டி வெப்பக்காப்பாக வைப்போரும் உளர். அதன் தூள் நுரையீரலிற் சென்று பல ஆண்டுகளின்பின் புற்றுநோயை உண்டாக்கவல்லது. அதனை வெட்டவும் வேண்டாம், அடுக்களைக்குட் கொண்டுவரவும் வேண்டாம்.

கதவு செம்மையாய் இருந்தும் வெப்பம் ஏறத் தயங்கினால், மேற்கம்பியும் கீழ்க்கம்பியும் சூடேறுகின்றனவா எனக் கதவின் கண்ணாடி வழியே பார்க்க. ஒன்று அறுந்திருப்பின் போறணை பாதி வலுவோடு திணறும். இரண்டும் சூடேறியும் தயக்கம் தீராவிடின், வீட்டுக்கு வரும் மின்சாரத்தையே ஐயுறல் வேண்டும். 230 வோல்ற்றில் 2000 வாற்றுத் தரும் போறணை, 200 வோல்ற்றில் 1500 வாற்றளவே தரும். வோல்ற்றளவு எட்டில் ஒரு பங்கு குறைய, வெப்பம் நாலில் ஒரு பங்கு குறைந்துவிடுகின்றது. ஊர் முழுவதும் விளக்கும் விசிறியும் இயங்கும் முன்னிரவில் இக்குறைவு நேரலாம். முன்பு குமிழ் மங்குவதைக் கண்டு இதனை அறிந்தோம், இன்றைய எல்.ஈ.டி. விளக்குகள் வோல்ற்றளவு குறைந்தாலும் மங்குவதில்லை, ஆதலால் அவற்றை நம்பலாகாது. மின்கேத்தல் நல்ல சாட்சி. ஒரு லீற்றர் கிணற்றுநீரை நடுப்பகலிற் கொதிக்கவைத்து நேரத்தைக் குறிக்க. முன்னிரவில் அதே அளவு நீரை, அதே குதையில், அவ்வாறே செய்க. பகலில் 3 நிமிடமும் இரவில் 4 நிமிடமும் செல்லுமாயின் குறை போறணையிலன்று. கேக்கைப் பகலிற் சுடுக. குறைவு நாள்தோறும் தொடர்ந்தால் மின்சாரம் வழங்கும் நிறுவனத்தின் பிரதேச அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவிக்க.

2000 வாற்றுப் போறணை ஏறக்குறைய 9 அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். 5 அம்பியருக்கான உருண்டை முள் குதையிலோ, மெல்லிய நீட்டுக் கம்பியிலோ அதனைப் பொருத்தினால் வெப்பம் போறணைக்குட் பிறப்பதற்குப் பதிலாகக் கம்பியிற் பிறக்கும். செருகியைத் தொட்டுப் பார்க்கையிற் சுட்டாலோ, பழுப்பேறிக் கருகல் மணம் வந்தாலோ அன்றே நிறுத்துக. 13 அம்பியர்ச் சதுர முள் குதையும் புவித்தொடுப்பும் இன்றி இப்போறணையை இயக்கலாகாது. பெருநாளுக்குப் பெருநாள் மட்டும் எடுத்துப் பாவிக்கும் போறணையில் இன்னுமொன்று நேரும்: சூடாக்கும் கம்பிக்குள் உள்ள வெண்தூள் மாதக்கணக்கிற் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, ஏற்றியவுடன் வீட்டின் மின்கசிவுத் துண்டிப்பானை விழச்செய்யும். துண்டிப்பானை விலக்கிவிட்டு இயக்குவோர் உயிரோடு விளையாடுகின்றனர். போறணையை ஒதுக்கிவைத்து மின்வேலை தெரிந்தவரிடம் காட்டுக. பின்தகட்டைக் கழற்றும் எவ்வேலையும் அவருக்கே உரியது. இதனைத் தவிர்க்க, மாதம் ஒருதடவை 20 நிமிடம் வெறும்போறணையை இயக்கிவைத்தல் போதும்.

வாயுப் போறணை

2022 ஆம் ஆண்டில் வாயுச் சிலிண்டர் கிடையாமல் வரிசையில் நின்றோர் பலர் விறகுக்கும் மின்சாரத்துக்கும் மாறினர். அவ்வாண்டு ஓகஸ்ட்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதம் உயர, சிலர் மீண்டும் வாயுவுக்கே திரும்பினர். நெடுநாள் மூடிக்கிடந்த வாயுப் போறணையிற் சுடரின் துளைகள் துருவாலும் பூச்சிக்கூட்டாலும் அடைபட்டிருக்கும். சுடர் நீலமாக, இடைவெளியின்றி எரிதல் வேண்டும். மஞ்சளாக எரிந்து கரி படிந்தால் காற்றுப் போதாது. துளைகளைத் தூரிகையால் துப்புரவாக்குக. உள்ளே சுவரோரமாகச் செல்லும் மெல்லிய செப்புக்குழாயின் நுனியிலுள்ள குமிழே வெப்பத்தை உணர்வது. அது கொளுவியிலிருந்து கழன்று தட்டின்மேலோ சுவரின்மேலோ விழுந்திருந்தால், போறணை தாறுமாறாகச் சுடும். ஆறிய நிலையில், குழாய் நெரியாமல், கொளுவியில் மீண்டும் பொருத்தினால் குறை தீரும். வெப்பம் போகின்றதென்று பின்புறத் துவாரத்தை அடைத்தல் கூடாது. அதனூடாகப் போவது எரிந்த வாயு. அது அறைக்குள் தங்கினால் மணமற்ற நஞ்சாகி மயக்கத்தையும் மரணத்தையும் தரும். குழாய் இணைப்புகளைச் சவர்க்கார நீரால் சோதிக்க, ஒருபோதும் தீக்குச்சியாலன்று.

திருத்தியபின் சோதித்தல்

முட்டையையும் பட்டரையும் செலவிடுமுன் பாணைக் கொண்டு சோதிக்க. முந்திய நாட் பாணை அரையங்குலத் துண்டுகளாக வெட்டி, நடுத்தட்டு முழுவதும் பரப்பி, 180 பாகையில் 10 நிமிடம் வைத்து எடுக்க. துண்டுகள் யாவும் ஒரே நிறமாயின் வெப்பம் சமமாய்ப் பரவுகின்றது. ஒரு மூலை வெளிறியிருப்பின் அம்மூலைக்கு அடுத்த கதவு விளிம்பை மீண்டும் பார்க்க. பின்புறம் கருகியிருப்பின் சுடும் நேரத்தின் மூன்றிலிரண்டு சென்றபின் தட்டைத் திருப்பி வைக்க. அதற்குமுன் திருப்புதல் அரிசிக் கேக்குக்கு ஆகாது.

முதன்முதற் சுடும் அரிசிக் கேக்கைச் சிறு தட்டில், ஓரங்குலத்துக்கு மேற்படாத கனத்தில் ஊற்றுக. ஊறவைத்து இடித்த மா ஈரம் மிகுந்ததாதலால், அதனை வெயிலில் உலர்த்தியோ மெதுவாக வறுத்தோ சலித்துப் பாவிக்க. அன்றேல் போறணையின் வெப்பத்தில் ஒரு பங்கு அவ்வீரத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகும். தட்டையும் கலவையையும் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேராக எடுத்து வைக்கலாகாது. ஒரே நேரத்தில் இரண்டு தட்டு வைக்க வேண்டின், முதலில் ஒரு தட்டோடு சுட்டு எழுதிய நேரத்தை அருகில் வைத்துக்கொண்டு செய்க. இரண்டாவது தட்டுக்கு எத்தனை நிமிடம் கூடுகின்றது என்பதையும் அதே தாளில் எழுதி, போறணைக்கு அருகே சுவரில் ஒட்டிவைக்க.